மச்சானுக்கு மலை ஒத்துக்காது என்றேன்

"எங்க மச்சானுக்கு மலைப் பாதை ஒத்துக்காதுப்பா. தலை சுத்தும்" என்று நான் தொலைபேசியில் சொன்னபோது, அந்த மச்சான் பக்கத்து அறையில் என் தங்கையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். மச்சானை ஓட்டுநராக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவர் கள்ளக்குறிச்சியில் மூன்று லாரி வைத்திருப்பவர், பள்ளியில் என்னிடம் படித்தவர். தலைமை ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி போனை வைத்துவிட்டார். நான் சொன்னது பொய்.

என் தங்கை கணவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சங்கராபுரத்தில் இரும்புக் கடை வைத்திருந்தார். பெரிய கடைகள் வந்த பிறகு வியாபாரம் படுத்தது, ஒரு பெருநாளுக்குப் பிறகு கடையை மூடிவிட்டார். கடைக்குச் சொந்தமாக லாரி இருந்த காலத்தில் அதை அவரேதான் ஓட்டினார். கனரக வாகன உரிமத்தை இடைவிடாமல் புதுப்பித்தும் வைத்திருந்தார். இனி பக்கப் பலகை இல்லாத, தளம் மட்டுமே உள்ள லாரியில் கம்பியும் குழாயும் ஏற்றிக்கொண்டு போகும் வேலைக்குப் போகலாமா என்று யோசித்தார். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்ததும் தினமும் அதே பேச்சுதான். முட்டி வலி, சர்க்கரை, நாள்கணக்கில் வீட்டை விட்டிருப்பது, சுமை சரிந்தால் வரும் ஆபத்து என்று நான் அடுக்குவேன். அவர் எதையும் மறுக்கமாட்டார். "எல்லாம் நெசந்தான் மச்சான். ஆனா கடையில ஒக்காந்துக்கினு யாரு வருவாங்கன்னு ரோட்டப் பாத்து பத்து வருசம் போச்சி. இதுல ஏத்துனோம், கட்டுனோம், எறக்குனோம், தீந்துச்சி" என்பார். சர்க்கரையைப் பரிசோதித்தார், கண்ணாடி மாற்றினார், மூங்கில்துறைப்பட்டு வரை ஒரு நண்பரின் லாரியை ஓட்டிப் பார்த்து, முதுகு தாங்குகிறது என்று வந்து சொன்னார். என்னைவிடக் கவனமாகத்தான் எடைபோட்டிருக்கிறார்.

தங்கைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மை வேறு. கடைத்தெருவில் யாராவது "சார் மச்சான் லாரியில போறாராமே" என்று கேட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம். ஊருக்கெல்லாம் எந்த உழைப்பும் இழிவில்லை என்று பாடம் சொன்னவன் நான்.

லாரிக்காரர்கள் ஒரே டீக்கடையில் கூடுகிறவர்கள். ஒருவரிடம் சொன்னது எல்லாரிடமும் போனது. எங்கள் பக்கத்துச் சுமையில் பாதி கல்வராயன் மலைக்கு ஏறுவது, மலை ஒத்துக்காத ஆளை யார் கூப்பிடுவார்கள்? மச்சான் போய்ப் பார்த்த இடங்களிலெல்லாம் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் வீட்டிலேயே இருந்தார். "ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேச மாட்டேங்குறாருண்ணே" என்று தங்கை வந்து சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"தெரியும் மச்சான். மலையில தலை சுத்துமுன்னு அவங்க சொன்னப்பவே தெரியும். மேகம் அருவிக்குப் போனப்ப வாந்தி எடுத்தது யாரு? ஒங்க தலையப் புடிச்சிக்கினு நின்னவன் நான். ஒங்க சீக்கத் தூக்கி என் தலையில கட்டிட்டீங்களே."

ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா இல்லன்னுடுவீங்கன்னு பயமா இருந்துச்சி" என்றார். பிறகு, "என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

அன்றே என் பழைய மாணவரின் லாரி ஷெட்டுக்குப் போனேன். ஓட்டுநர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். தனியாகப் பேசலாம் என்று உரிமையாளர் எழுந்தார். பொய் பரவியது எல்லார் நடுவிலும்தானே என்று அங்கேயே நின்று சொன்னேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"பொய் சொன்னா எங்கள பெஞ்சு மேல ஏத்துவீங்களே சார். இப்ப ஒங்கள இன்னா பண்றது?"

ஓட்டுநர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். "நாளைக்கு வெள்ளிமலைக்கு கம்பி லோடு இருக்குது. ஒங்க மச்சானே ஓட்டட்டும். நீங்களும் கூட ஏறிப் போங்க. அதான் பெஞ்சு."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். கச்சிராயப்பாளையம் தாண்டியதும் மச்சான் ஓரங்கட்டி இறங்கினார். பாதையில் குலுங்கிக் குலுங்கிக் கம்பி அமர்ந்துவிடும், கட்டு தொய்யும், மலை ஏறுவதற்கு முன் மறுபடி இறுக்கவேண்டுமாம். ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்து, இரண்டை அவிழ்த்துக் கட்டினார். கடை மூடிய பிறகு அவர் முகத்தில் அந்தத் தெளிவை நான் பார்த்ததில்லை.

வளைவுகளில் வண்டியை அவசரமில்லாமல் ஏற்றினார். எனக்கு நான்காவது வளைவிலேயே வயிறு புரட்டியது. ஆறாவதில் கையைக் காட்டினேன். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தார். நான் சாலையோரம் குனிந்து நிற்க, என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். வாய் கொப்பளிக்கத் தண்ணீரை நீட்டினார்.

"இப்ப யாருக்கு மச்சான் தலை சுத்துது?"

அவ்வளவு குமட்டலிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத்தான்" என்றேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மார்பில் ஒரு பாரமும் இல்லாமல் மூச்சு விட்டேன். "சரி, ஏறுங்க. மேல கம்பிக்குக் காத்துக்கினு இருப்பாங்க" என்று அவர் கல்லை எடுக்கப் போனார்.