டத்தோ திறந்து வைத்த லைன்

எங்கள் பள்ளியில் இன்டர்நெட் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் ஓடியது. அதுவும் என் மாமாவின் போனிலிருந்து ஓடியது. இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் அப்போது ஐந்தாம் ஆண்டு படித்தேன். வீடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில். பள்ளி டவுன் பக்கம், சின்னத் தமிழ்ப்பள்ளி. கணினி அறை என்று ஒன்று உண்டு. அதில் கணினிகள் இருந்தன, குளிர்சாதனம் இருந்தது, கதவில் பெரிய பூட்டும் இருந்தது. இணையம் மட்டும் இல்லை. ஒருநாள் லைன் போடும் குத்தகைக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை அடித்தார்கள், கூரையில் ஒரு கம்பத்தை நட்டார்கள், கேன்டீனில் மீ கோரேங் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால்தான் லைன் வந்ததாக அர்த்தம் என்று கணினி டீச்சர் சொன்னார். நாங்கள் தினமும் ஓய்வு நேரத்தில் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். சிவப்புதான்.

எங்களுக்கு அந்தப் பச்சை அவசரமாக வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையே ஓர் அறிவியல் புதிர்ப்போட்டி வைத்திருந்தார்கள். கேள்வி வருவதும் பதில் போவதும் இணையத்தில்தான். ஒரு பள்ளிக்கு மூன்று பேர். எங்கள் மூவருக்கும் நான்தான் தலைவி. எங்கள் பள்ளி அதுவரை எதிலும் ஜெயித்ததில்லை. பள்ளி முடிந்ததும் டீச்சர் எங்களைக் கேன்டீன் மேசையில் உட்கார வைத்துக் கிரகங்களையும் காந்தத்தையும் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார். நாங்களும் கொடுத்தோம். ஜெயிக்கப்போகிறோம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

தலைமையாசிரியர் குத்தகைக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் என்றார்கள். ஆள் வரவில்லை. அதற்குள் டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் வட்டார அரசியல்வாதி வருகிறார் என்ற செய்தி வந்துவிட்டது. வராத லைனைத் திறந்து வைக்க.

லைன் வரவில்லை, விழா வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய் தலைமையாசிரியருக்கு இல்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் காடிகளுக்கு ரேடியோவும் அலாரமும் பொருத்தும் வேலையில் இருந்தார். வயர் என்றால் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள்.

"தம்பி, வெள்ளிக்கிழம டத்தோ வர்றாரு. ஒரே ஒரு பக்கம் தொறந்து காட்டணும். அவ்வளவுதான்."

"சார், கூரைல இருக்கற கம்பத்துக்கு வயரே இழுக்கல. நான் என்னா செய்ய?"

"ஏதாச்சும் செய்யி தம்பி. மானம் போயிடும்."

மாமா சிரித்தார். "மானம்தானே சார்? வுடுங்க. என் போன் இருக்குலா."

அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டில் எல்லாருக்கும் பெருமை.

விழாவன்று சின்ன வகுப்புப் பிள்ளைகளை, மினுமினுக்கும் காகிதம் சுற்றிய புங்கா மங்கார் குச்சிகளைக் கையில் கொடுத்து, வெயிலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். டத்தோ தாமதமாக வந்தார். மாமா கணினி அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் போனோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பெட்டியின் சிவப்பு விளக்கைக் கறுப்பு டேப்பால் மூடி, அதன் மேல் கார் அலாரத்தில் மினுக்கும் குட்டிப் பச்சை விளக்கு ஒன்றை ஒட்டியிருந்தார். உண்மையான லைன்கூட அவ்வளவு அழகாக மினுக்கியிருக்காது.

டத்தோ பொத்தானைத் தட்டினார். பக்கம் மெதுவாகத் திறந்தது. நான் தேர்ந்தெடுத்த பக்கம். வளையத்தோடு சனி கிரகம். எல்லாரும் கை தட்டினார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரர் ஒருவர் மட்டும், "தெறப்பு விழாவும் அதுவுமா சனியனையா கொண்டாந்து வப்பாங்க? வேற கிரகமே கெடைக்கலையா?" என்று முணுமுணுத்தார். டத்தோ என் தலையில் கை வைத்தார். நான் சனியைக் காட்டினேன். படம் எடுத்தார்கள். பின்னால் சுவரில் பச்சை விளக்கு.

டத்தோவின் காடி வாசலைத் தாண்டியதும் மாமா பச்சை விளக்கைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டார். போனையும் போட்டார்.

"மாமா, நெட்டையும் எடுத்துட்டுப் போறீங்களா?"

"ஆமா புள்ள. சார்ஜ் போட்டுட்டு கொண்டாறேன்."

ஒரு கறிபாப்பைக் கடித்தபடியே மோட்டாரில் ஏறி ஜுருவுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன்.

போட்டி நாளன்று நாங்கள் மூவரும் இஸ்திரி போட்ட சீருடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தோம். பெட்டியில் சிவப்பு. திரையில் இணைப்பு இல்லை என்ற வாசகம். டீச்சர் போட்டி நடத்துபவர்களுக்குப் போன் போட்டார். அவரிடம் இருந்தது பழைய பொத்தான் போன். எதிர்முனையில் பேசியவரின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"உங்க ஸ்கூல்ல லைன் ஓடுதுன்னுதானே டீச்சர் இங்க இருக்கு?"

"ஓடல சார். ஒரு நாளும் ஓடல."

"டத்தோ தெறந்து வச்ச படம் பேப்பர்லயே வந்துச்சே. ஒரு புள்ள சனி கிரகத்தக் காட்டுது. பின்னால பச்ச லைட்டு எரியுது. அப்பறம் எப்படி ஓடலன்னு சொல்றீங்க?"

டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளைங்க தாள்லயாவது எழுதட்டுமா சார்?"

"அது லைன் இல்லாத ஸ்கூலுக்கு மட்டுந்தான் டீச்சர்."

நான் எழுந்து நின்று, "எங்க மாமாவக் கூப்புடுங்க டீச்சர், நெட் அவருகிட்டதான் இருக்கு" என்றேன். என் குழுப் பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கூப்பிட்டார்.

மாமா வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பாலம் ஏறினார். பாலத்தில் நெரிசல். அவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடி வந்து போனை மேசையில் வைத்தார். உடனே பக்கம் திறந்தது. பள்ளிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. எங்கள் பெயர் கடைசியில். பக்கத்தில், பங்கேற்கவில்லை.

பங்கேற்கவில்லையாம். காந்தத்தையும் கிரகத்தையும் கரைத்துக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம் நாங்கள்! வயர் இழுக்காமல் மீ கோரேங் தின்றுவிட்டுப் போனவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் மானத்தை ஒரு காலைக்குக் காப்பாற்றிக்கொண்ட தலைமையாசிரியர் அன்று அறையை விட்டு வெளியே வரவேயில்லை. திறக்கிறோம் என்று கூட்டத்தோடு வந்தவர்களில் ஒருவராவது மறுநாள் வந்து பார்த்தாரா? மாமா மேலும் எனக்குக் கோபம் உண்டு. முடியாது சார் என்று சொல்லியிருந்தால், லைன் இல்லாத பள்ளி என்ற பெயரோடு நாங்கள் தாளிலாவது எழுதியிருப்போம். அவருடைய கெட்டிக்காரத்தனம்தான் எங்களைக் கெடுத்தது. நான் ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும்வரை அந்தப் பெட்டியில் பச்சை வரவில்லை.

ஆனால் இந்தக் கோபமெல்லாம் பின்னால் வந்தது. அன்று எனக்கு எதுவும் புரியவில்லை. செய்தித்தாளில் வந்த படத்தை அம்மா சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். தீபாவளிக்கு வந்த மாமா, பசியாறக்கூட உட்காராமல், நேராகப் போய் அதை ஆணியிலிருந்து எடுத்தார். நான் வீடே அதிரும்படி கத்தினேன்.

"டேய், புள்ள டத்தோவோட நிக்கற ஒரே படம்டா அது," என்றார் அம்மா. "பொறாமையா ஒனக்கு?"

மாமா படத்தைத் திரும்ப மாட்டி, கோணலை விரலால் நேராக்கினார். படத்தில் தான் இல்லை என்ற வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே பாவமாக இருந்தது. அவர் கையைப் பிடித்து, "அடுத்த தடவ டத்தோ வந்தா, ஒங்களையும் பக்கத்துல நிக்க வச்சுப் படம் எடுக்கச் சொல்றேன் மாமா" என்றேன்.

அவர் கையை உருவிக்கொண்டு, செருப்பைத் தேடி வெளியே போனார்.