கோழிக்குத் தைத்த காலுறை

என் நாத்தனார் தையற்காரி. கொல்லையில் அவள் போட்ட தக்காளி நாற்றைப் புழு தின்றது. புழுவைத் தின்னக் கோழிகளை விட்டால், அவை நாற்றையே கிளறித் தள்ளின. "நாளைக்கே இதுகளை வித்துடுறேன்," என்றார் அவள் கணவர்.

அன்றே அவள் மிச்சத் துணியில் கோழிகளுக்குக் காலுறை தைத்து மாட்டினாள்.

"ஏண்டி, பள்ளிக்கூடத்துக்கா அனுப்பப் போறே?" என்றேன்.

"சும்மா பாருங்க அண்ணி."

ஈரத்தரையில் நடக்கும் பூனைபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கோழிகள் பாத்திக்குள் போயின. கிளறிப் பார்த்தன, நகம் துணிக்குள் இருந்ததால் மண் அசையவில்லை. அலகு மட்டும் ஓயாமல் இலை இலையாகப் புழு பொறுக்கியது. அடேயப்பா! ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. வாயில் ஈ புகுந்தாலும் தெரியாமல் நின்றேன்.

அவள் கணவரோ, "என் சட்டையில பட்டன் போய் ஒரு மாசமாச்சு," என்று முணுமுணுத்தபடியே குனிந்து, ஒரு கோழியின் நழுவிய காலுறையை இழுத்துவிட்டார்.