கைப்பேச்சு கேட்ட நாய்

மில்லில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் விரலால் தொட்டுக் காட்டினால் அது நான். அந்தக் காலத்தில் இரட்டை மூக்குத்தி போட்டிருந்தேன். மேஸ்திரியைச் சொல்ல வேண்டுமென்றால் மீசையை முறுக்கிக் காட்ட வேண்டும். நூற்கிற மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் எங்கள் பேச்செல்லாம் கைதான். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் அங்கேயே நில். விரல்களை மடக்கி இழுத்தால் வா. மேஸ்திரி அந்த நீளக் கூடத்தின் ஒரு கோடியில் நின்று கையைத் தூக்கினால், மறுகோடியில் நிற்கிற எனக்கு ஒரு சொல் சிந்தாமல் வந்து சேரும். ராஜபாளையத்தில் இருபத்தாறு வருஷம் அப்படிப் பேசிப் பிழைத்தவள் நான்.

அந்தக் கைதான் ஒரு நாள் என்னை மில் கேட்டில் வைத்துத் திருப்பி அனுப்பியது. மகளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலை அரைத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்தும் பத்து நிமிஷம் பிந்திவிட்டது. ஷிப்டுக்கு வந்த பொம்பளைகள் அத்தனை பேரும் பார்த்திருக்க, காக்காயை விரட்டுகிற மாதிரி விரலை உதறிக் காட்டினார். கேட்டில் மிஷின் சத்தம் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வைதிருந்தால்கூட மறந்திருப்பேன். அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டியதைத் தவிர அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஓய்வு பெற்று அவர் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். அந்த ஊரில் ஒரு கல்யாணம் காட்சி என்றாலும் அவர் தெரு வழியாக நான் போக மாட்டேன். அப்படி முப்பது வருஷம் ஓடிவிட்டது. அவர் வாசலில் போய் நிற்க வைத்தது ஒரு நாய்.

சேத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் நைலான் கயிற்றால் அதைக் கட்டிப் போட்டுவிட்டு யாரோ போயிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று, ரோஸ் நிற மூக்கு, ஏறக்குறைய என் இடுப்பு உயரம். எங்கள் ஊர் ஜாதி நாய். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் தூக்கிவாரிப் போட்டு நின்றேன். அது காதைக்கூட அசைக்கவில்லை. வெள்ளை நாய்களில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். கூப்பிட்டால் கேட்கவா போகிறது என்று பெயர் வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த மில் பாஷையைச் சொல்லிக் கொடுத்தேன். காலால் தரையைத் தட்டினால் திரும்பிப் பார்க்கும். அப்புறம் வா என்றால் வரும், நில் என்றால் நிற்கும். மூன்று மாதத்தில் புதிதாக மில்லுக்கு வந்த பிள்ளைகளைவிட நன்றாகக் கற்றுக்கொண்டது. தெருவில் அதை நிறுத்தி வைத்து, நடத்திக் காட்டி, நான் அடைந்த பெருமைக்கு அளவில்லை.

இரண்டு வருஷம் போனது. என் முழங்கால் தேய்ந்துபோனது. ஆலங்குளத்தில் இருக்கிற மகள் என்னைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று வந்தாள். அது சின்ன மாடி வீடு. "நீ வா, ஒன் கட்டிலு வாரட்டும், அம்மிக்கல்லக் கூடத் தூக்கிட்டு வா. இந்தக் குதிரைய எங்கம்மா நிறுத்துவேன்" என்றாள். நியாயம்தான். மாதக் கடைசிக்குள் அதற்கு ஒரு இடம் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்கள் வெள்ளை நாயைப் பார்த்ததும் மெதுவாகப் பின்னால் போய் நின்று கையைத் தட்டுவார்கள். தட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். நாலு பேர் அப்படிப் போன பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கூமாப்பட்டியிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு அந்த வித்தை தெரியவில்லை. "சொன்னாக் கேக்குமா ஆச்சி?" என்றார். "கொஞ்சம் வீம்பு பிடிச்சது. பழகிட்டா அம்புட்டும் கேக்கும்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். ஒன்பதாம் நாள் கொண்டுவந்து விட்டுவிட்டார். முதுகில் குறுக்கே தடிப்பு ஓடியிருந்தது. கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போகிறது, திமிர் என்று நினைத்து அடித்திருக்கிறார். அவரை நான் என்ன சொல்ல. அடித்த கம்பில் பாதி என்னுடையது. அன்றிலிருந்து ஆம்பிளை யாராவது கையைத் தூக்கினால் அது தரையோடு ஒட்டிப் படுத்து மூத்திரம் விட்டுவிடும்.

கையைப் பார்த்தே பயப்படுகிற ஜீவனைக் கைப்பேச்சு தெரியாத யாரிடம் கொடுப்பது? கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. மீதிப் பேர் பிள்ளைகள் வீட்டில் ஒண்டிக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருத்திதான் சந்தையில் சொன்னாள். "மேஸ்திரி வீட்ல பெரிய பொறவாச இருக்கு. அவியளுக்குக் காது சுத்தமாப் போயிட்டு. ஒருத்தர்கிட்டயும் பேசுறதில்ல, சும்மாதான் உக்காந்திருக்காவ." மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கையில் ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து நாயோடு ஏறிவிட்டேன்.

மேஸ்திரியின் மருமகள் கதவைத் திறந்தாள். "மாமாக்கு எம்புட்டுக் கத்துனாலும் கேக்காது ஆச்சி. காதுக்கு மிஷின் மாட்டிவிட்டா கழத்தி சட்டைப்பையில போட்டுக்கிடுதாவ" என்று பின்வாசலுக்குக் கூட்டிப் போனாள். கொய்யா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மீசை வெளுத்து ஒடுங்கிப் போயிருந்தது. என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் தொட்டார்.

வந்த காரியத்தைப் பேசியிருக்க வேண்டும். என் கை கேட்கவில்லை. என்னைக் காட்டினேன், மில் கேட்டைக் கையால் மூடிக் காட்டினேன், அவர் உதறின மாதிரியே விரலை உதறினேன். எங்கோ யோசித்தார். "எப்ப?" என்றார் சத்தமாக. பிறகு, "எத்தன பேர வெளிய அனுப்பிருக்கேன் தாயி. ஆளுக்கொண்ணு ஞாபகம் வச்சா நான் எப்பிடி உறங்குறது" என்றார். முப்பது வருஷம் நான் சுமந்தது அவரிடம் இல்லவே இல்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

இந்தத் தடவை மறைக்கவில்லை. நாயைக் காட்டி, என் காதைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்தேன். முதுகுத் தடிப்பையும் தடவிக் காட்டினேன்.

"காவலுக்கு ஆகாதே மாமா" என்று மருமகள் அவர் காதில் கத்தினாள். அவர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வா என்று கையைத் தூக்கினார். நாய் பொத்தென்று படுத்துவிட்டது. நனைந்த தரையைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

மேஸ்திரி கையை இறக்கினார். நாற்காலியைப் பிடித்து, மரத்தைப் பிடித்து, எண்பது வயசு உடம்பை மெல்ல மெல்லத் தரையில் உட்கார வைத்தார். காலை நீட்டி, மடியில் கையை மல்லாக்க வைத்து, இரண்டே விரலை மட்டும் மடக்கினார். கூடம் முழுக்கத் தெரிய வீசின கை, ஒரு சாண் தூரத்துக்கு மேல் தெரியாதபடி பேசியது. பிறகு சும்மா இருந்தார். மறுபடி இரண்டு விரல். செத்த நேரமா, அரை மணியா தெரியாது. நாய் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து வந்து அந்தக் கையில் மூக்கை வைத்தது.

"இங்கயே கெடக்கட்டும்" என்றார். "ஒருத்தரும் கூப்பிடலன்னு ரெண்டு பேருக்குமே வருத்தம் வராது."

இப்போது ஆலங்குளத்திலிருந்து மாதம் ஒரு தரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வருகிறேன். அவர் போ என்று காட்டின பிறகுதான் என்னிடம் வருகிறது. அது எனக்குப் பொறுக்கும். பொறுக்காதது அதை அங்கே விட்டுவிட்டு வந்த அந்த முதல் நாள்தான்.

"அது தின்னுதப்பவே போயிரு. அதுக்குத்தான் கேக்காதுல்லா" என்றார் மேஸ்திரி. நாய் தட்டில் தலையைக் குனிந்திருந்தது. நான் இரும்புக் கதவைத் திறந்தேன். அது கிறீச்சென்று கத்தியது. இரண்டு முதுகும் திரும்பவில்லை. போயிருக்கலாம். ஆனால் ஒரு தடவை அதை ஏமாற்றியாகிவிட்டது, இன்னொரு தடவை வேண்டாம் என்று திரும்பி வந்து அதன் முன்னால் நின்றேன். நான் போகிறேன் என்று காட்டினேன். தின்றதை விட்டுவிட்டு என் பின்னாலேயே வாசல்வரை வந்தது. உள்ளங்கையைக் கீழே அமுக்கினேன். நின்றுவிட்டது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அப்படியே நின்றுகொண்டிருந்தது, என் கையையே பார்த்துக்கொண்டு. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். அன்றைக்கு ஒரு தடவை அது கேட்காமல் இருந்திருக்கலாம்.