பூச்சி சாகாது

எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தின் பின்னறைக்குச் 'சமூக ஆக்கக்கூடம்' என்று பலகை எழுதி மாட்டியது நான்தான். ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'சாமான் கழட்டுற இடம்' என்றுதான் சொல்வார்கள். அதில் பிழையும் இல்லை. பழைய ரேடியோ, நின்றுபோன ஃபான், மழையில் நனைந்த தண்ணீர் மோட்டர் என்று ஊரில் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் அங்கே வைத்துக் கழற்றியிருக்கிறேன். திருப்பிப் பூட்டியது எத்தனை என்று மட்டும் கேட்கக் கூடாது.

அந்த அறை கிடைக்கும்வரை இரண்டு வருடம் என் வீட்டுக் குசினி மேசையில்தான் வேலை. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் ஈயம் உருக்கி வயர் ஒட்டுவது. சம்பலுக்குள் ஒரு ஸ்க்ரூ ஆணி வந்த நாளில்தான் வீட்டார் எல்லோருமாகச் சேர்ந்து என்னை வெளியேற்றினார்கள். ஆகவே அந்த அறை போனால் எனக்குப் போக வேறு இடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் செய்த கூத்துக்கு இதுதான் காரணம்.

அறையைத் தந்தது கிராமச் சங்கத்தின் தலைவர். 'தெரியாது' என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. கார்த்திகை மழை தொடங்கி, வயல்களுக்குப் பசளை, அதாவது உரம், மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற காலம் அது. ஒரு நாள் வந்து அறைக்குள் நின்று, நீள அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

"பிள்ளை, இதுக்குள்ளை எண்பது மூட்டை அடுக்கலாம்."

"ஐயா, இஞ்சை வகுப்பு நடத்தப் போறம். இலத்திரனியல் பழக்கப் போறம்."

"ஆர் வருவினம்?"

"ஊர்ச்சனம்தான்."

அவர் சிரித்தார். "முதல் நாள் எல்லாரும் வருவினம் பிள்ளை. எத்தினை பட்டறை பாத்தனாங்கள்! பையும் பேனையும் சாப்பாட்டுப் பார்சலும் குடுத்தால் செத்தவனும் எழும்பி வருவான். நான் ரெண்டாம் கிழமைதான் வந்து எண்ணுவன். பன்னிரண்டு பேர் இருந்தால் அறை உங்கட. குறைஞ்சால் பசளை."

பன்னிரண்டு என்பது அவருடைய சங்கத்துக் கணக்கு. அதற்குக் குறைந்தால் அங்கே கூட்டம் நடக்காது.

என்னோடு சேர்ந்து வகுப்பைத் திட்டமிட்டவர் நீராவிப்பிட்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அவர்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். புத்தளத்தில் வளர்ந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். வயர், பல்ப், சுவிட்ச் எல்லாம் அவருடைய கடையிலிருந்துதான் வரும். எனக்கு மூக்கு நுனியில் கோபம், அவருக்கு உதட்டு நுனியில் சிரிப்பு. இரண்டு பேருக்கும் பொருந்தி வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வகுப்பு மிகச் சின்னது. தீப்பெட்டி அளவில் ஒரு பலகை, அதில் நகத்தளவு ஒரு சில்லு. லைற்றை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று கணினியில் எழுதி அதற்குள் ஏற்றிவிட்டால் சொன்னபடி செய்யும். என் வாழ்க்கையில் நான் சொன்னபடி கேட்ட ஒரே சாமான் அதுதான். முதல் பாடம், ஒரு குட்டி லைற்றை மினுக்க வைப்பது.

சண்டை வந்தது அறிவித்தலில்.

"'லைற் மினுக்கப் பழகலாம்' எண்டு எழுதுவோம் புள்ள" என்றார் ராத்தா.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. நான் கொழும்பில் வேலை பழகின காலத்தில் ஆங்கிலச் சொல் வாயில் வராமல் திணறி, கூட வேலை செய்தவர்களின் சிரிப்பை வாங்கியவள். அதனாலேயே நல்ல தமிழ்ச் சொல் எங்கே கண்டாலும் பொறுக்கி வைத்திருப்பேன். மைக்ரோகொன்ட்ரோலர் என்கிற அந்தச் சில்லுக்கும் ஒரு சொல் வைத்திருந்தேன்: நுண்கட்டுப்படுத்தி.

"சொல்லிப் பாருங்கோ ராத்தா. எவ்வளவு வடிவாயிருக்கு."

அவர் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தரம் சொல்லும்போது நாக்குக் கட்டிக்கொண்டது. "எனக்கே விளங்கல புள்ள. ஊராக்களுக்கு எப்படி விளங்கும்?"

"விளங்காட்டிக் கேப்பினம். கேட்டால் சொல்லுவன்."

நான் எழுதினேன்: 'நுண்கட்டுப்படுத்தி. பாவனைப் பயிற்சி. மாதிரிகள் இலவசம்.' மாதிரிகள் என்று நான் சொன்னது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகுவதற்கான சின்னச் சின்ன மின்சுற்றுகளை. கீழே என் தொலைபேசி இலக்கம். தலைவரிடம் ஒன்றைக் கொடுத்தேன். மேலும் கீழும் வாசித்து, "நல்ல விசயம். இதைப் பற்றி எனக்கு முதலே தெரியும்" என்று தலையாட்டினார். மீதியை எங்கே ஒட்டுவது? சனம் கூடுகிற இடத்தில்தானே. அந்தக் காலத்தில் வன்னியில் சனம் கூடுகிற இடம் பசளைக்கு வரிசை நிற்கிற மதிலடி. மதில் முழுக்க ஒட்டினேன். பக்கத்தில் என்னென்ன ஒட்டியிருந்தது என்று பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே முதல் அழைப்பு வந்தது.

"பிள்ளை, அந்த நுண்கட்டுப்படுத்தி குடுக்கிற ஆளோ? தலைவர் சொன்னவர், நல்ல சாமானாம்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறாரே! "ஓம், நான்தான்."

"எத்தினை நாளிலை வேலை செய்யும்?"

"நாளோ? குடுத்தவுடனை வேலை செய்யும். ஒரு செக்கன் காணும்."

மறுமுனையில் குரலை இறக்கி, "தண்ணியோடை கலக்கோணுமோ?"

"ஐயையோ! தண்ணி படவே கூடாது."

"அப்ப வெயில் நேரத்திலைதான் பாவிக்கோணும். வீட்டிலை சின்னனுகள் இருக்கு, எட்டாமல் வைக்கோணுமோ?"

"சேச்சே, சின்னனுகளைத்தான் முதல்லை தொட விடோணும். ஒரு ஆபத்தும் இல்லை. அஞ்சு வோல்ற்றுத்தானே."

"அஞ்சு போத்திலோ? ஏக்கருக்கோ?"

மழைக்கு லைன் இரைந்துகொண்டிருந்தது. எனக்கு 'எங்களுக்கோ' என்று கேட்டது. "ஓம் ஓம், உங்களுக்குத்தான்" என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க இப்படித்தான். துணுக்காயிலிருந்துகூட ஒருவர் எடுத்தார். நாற்பது பேருக்கு மேல் வருகிறோம் என்று சொன்னார்கள். நான் ராத்தாவின் கடைக்குப் போய், கதிரையில் கால் மேல் கால் போட்டு இருந்துகொண்டு, "பாத்தியளோ, நல்ல தமிழின்ர வல்லமையை?" என்று கேட்டேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் நான் உள்ளே மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ராத்தா வாசலில் நின்று கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால், முக்காட்டு நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு நிற்கிறார், கண்ணால் தண்ணீர் வடிகிறது.

ரோட்டால் சைக்கிளில் வருகிறார்கள், மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டிக்குள் ஏழெட்டுப் பேர் ஏறி வருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட ஒரு வெறும் பிளாஸ்டிக் கான். இரண்டு பேர் மருந்தடிக்கிற மெசினை முதுகில் மாட்டியபடியே வந்து இறங்கினார்கள். ஒருவர் பொலித்தீன் பைக்குள் பிடுங்கிய நெற்பயிரை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தங்கச்சி, இந்தப் பூச்சிக்குக் கேக்குமோ?" என்றார்.

பூச்சி பைக்குள் நல்ல சுகமாக இருந்தது. எனக்குத்தான் தலை சுற்றியது. மதிலில் என் அறிவித்தலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது பூச்சிமருந்து விளம்பரமாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி கொடுத்துவிடலாம் என்பதுதான். அதற்குள் தலைவர் எழும்பித் தொடக்கவுரையை ஆரம்பித்துவிட்டார்.

"அன்பான கமக்காரர்களே! இந்த நுண்கட்டுப்படுத்தியைப் பற்றி எனக்கு முதலே தெரியும். இது வெளிநாடுகளிலை பாவிக்கிற மருந்து. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பூச்சியைக்கூடக் கட்டுப்படுத்தும். அதாலைதான் அந்தப் பேர்."

எல்லோரும் கைதட்டினார்கள். என் சொல்லுக்கு நான் கொடுத்ததைவிட நல்ல விளக்கம் அவர் கொடுத்துவிட்டார்.

நான் எழும்பினேன். "இது மருந்தில்லை" என்றேன். "லைற் மினுக்கிற சாமான். நான்தான் பிழையாய் எழுதிப்போட்டன். எல்லாரும் என்னை மன்னிக்கோணும்."

பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா தன் கானைத் தூக்கிப் பார்த்தா, என்னைப் பார்த்தா, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினா. அதோடு கொஞ்சம் கொஞ்சமாக மண்டபமே சிரித்தது. என்னை ஏசினவர்களும் உண்டு, ஏச்சு எனக்குத் தகும். வெட்கத்தில் அழுகை முட்டியது, அடக்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன். குடித்துவிட்டு முக்கால்வாசிப் பேர் போனார்கள். மழை பிடித்ததால் மிச்சப்பேர் நின்றார்கள், நின்ற பாவத்துக்கு லைற்றை மினுக்கிப் பார்த்தார்கள். தலைவரை எங்கும் காணவில்லை.

எல்லோரும் போன பிறகு கதவு மூலையில் ஒரு நீலக் கான் மிஞ்சியிருந்தது. புத்தம் புதிது. மஞ்சள் மூடி.

"ஆரோ மறந்து விட்டிட்டினம்" என்றேன்.

ராத்தா அதைத் தூக்கி அடியைப் பார்த்தார். "மறக்கல புள்ள. எல்லாருக்கும் முன்னால தூக்கிட்டுப் போக ஏலாம விட்டுட்டுப் போயிருக்காரு. வியாழக்கிழமை நான்தான் வித்தேன். மூடி இறுக்கமா இருக்கான்னு ரெண்டு தரம் திருகிப் பார்த்துத்தான் வாங்கினாரு, உங்கட தலைவரு."

அடுத்த அறிவித்தலை ராத்தா எழுதினார், நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. 'லைற் மினுக்கப் பழகுவோம். பூச்சி சாகாது.' அதே மதிலில் ஒட்டினோம். வாசித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் வருவார்களா என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கிழமை சாப்பிட இருந்தபோதெல்லாம் குசினி மேசையை ஒருமுறை பார்ப்பேன், வீட்டாரின் முகத்தை ஒருமுறை பார்ப்பேன்.

இரண்டாம் சனிக்கிழமை வந்தவர்களை விரல் விட்டு எண்ணினேன். முதலில் சிரித்த அக்கா வந்தா. வயலுக்குப் பன்றி வந்தால் மணி அடிக்க வைக்க முடியுமா என்று கேட்ட இரண்டு பேர் வந்தார்கள். கடற்கரைப் பக்கமிருந்து, வலையின் மிதப்புக்கு மினுக்குகிற லைற் கட்ட ஆசைப்பட்ட ஒரு சம்மாட்டி, மீன்பிடிப் படகுக்காரர், தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு வந்தார். இப்படிப் பதினொரு பேர். பத்து மணியாகியும் பதினொரு பேர்தான்.

பத்தேகாலுக்கு உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. பெட்டி நிறையப் பசளை மூட்டை. முன்னால் மோட்டார் சைக்கிளில் தலைவர்.

வாசலில் நின்றே எண்ணினார். ஒவ்வொரு தலைக்கும் ஒரு விரல். "பதினொண்டு" என்றார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் இன்னும் நோகச் செய்தது. "நான் அப்பவே சொன்னனான் பிள்ளை. மேசையளை ஒதுக்குங்கோ."

பன்னிரண்டு கதிரை போட்டிருந்தேன். காலியான கதிரைக்கு முன்னால், யாரும் தொடாத ஒரு பலகையும் ஒரு குட்டி லைற்றும் இருந்தன. ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அலுமாரியைத் திறந்து, அந்த நீலக் கானை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

தலைவரின் விரல் அந்தரத்தில் நின்றது.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஐயா, போன கிழமை ஆரோ விட்டிட்டுப் போட்டினம்" என்றேன், முகத்தில் பால் வடிய. "மருந்தெண்டு நம்பி வந்த பாவம் ஆரோ. உங்களுக்குத்தான் முதலே எல்லாம் தெரியுமே, உங்கடையாய் இருக்காது. கூட்டத்திலை ஒருக்கால் தூக்கிக் காட்டி, ஆற்றையெண்டு ஊரைக் கேப்பமோ?"

சிரித்த அக்கா குனிந்துகொண்டா. தோள் மட்டும் குலுங்கியது. சம்மாட்டி கூரையைப் பார்த்தார்.

தலைவர் கானைப் பார்த்தார். மஞ்சள் மூடியைப் பார்த்தார். ராத்தாவைப் பார்த்தார். ராத்தா கடையில் சாமான் நிறுக்கிறபோது வைத்திருக்கிற அதே முகத்தோடு நின்றார். தலைவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். உள்ளே வந்து, காலியான கதிரையை இழுத்து இருந்தார்.

"என்னையும் எழுது பிள்ளை" என்றார்.

எழுதினேன். பன்னிரண்டு என்று எண்ணைப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தேன். அவருக்குக் கண்ணாடி கொண்டுவர நினைவில்லை, லைற்றின் கம்பிக் கால்களை மாறிச் செருகிவிட்டார். நான் திருப்பிச் செருகச் சொன்னேன். செருகினார். லைற் ஒருதரம் மினுங்கி அணைந்தது, பிறகும் மினுங்கியது. அவர் மூக்கு முட்டுமளவுக்குக் குனிந்து அதையே பார்த்தார்.

வெளியே உழவு இயந்திரக்காரர் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். "தலைவர், மூட்டையளை எங்கை இறக்கிறது?"

தலைவர் நிமிரவில்லை. லைற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினார்:

"என்ர வீட்டு விறாந்தையிலை கொண்டுபோய் இறக்கு!"