பஸ்ஸிலிருந்து தெரியும் மாடி

"முகமாலையால போகேக்க பஸ்ஸில எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?"

ஊருக்குப் போய்த் திரும்பியவர் யாராக இருந்தாலும் அருளம்பலம் கேட்கும் முதற்கேள்வி இதுதான். சுகம் விசாரிப்பு, வெயில் எப்படி, தேர் பார்த்தீர்களா, ஒன்றும் கிடையாது. மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதித் தமிழ்க்கடையில் பாவம் ஒருவர் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பார். அவருடைய கூடையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்பார். இடப்பக்கம் என்று பதில் வந்தால் மனுசனின் முகம் விழுந்துவிடும். "சீ, போகேக்க வலப்பக்கமெல்லே இருக்கவேணும்! வரேக்கதான் இடப்பக்கம்." சமாதானம் வந்து, யாழ்ப்பாணம் போகிற கண்டி வீதி திறந்து மூன்று வருடமாக இதே பாடம். பயணம் போக ரிக்கெற் போட்டவர்கள் அவரைக் கண்டால் எதிர் நடைபாதைக்கு மாறிவிடுவதும் உண்டு.

மற்றபடி தங்கமான மனிதர். பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினேழு வருடமாகத் தரை துடைக்கிறார். அவர் துடைத்த படிக்கட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம், சும்மா சொல்லக்கூடாது. ஐம்பத்தெட்டு வயது, கலியாணம் கட்டவில்லை. குடியிருப்பது பாதி நிலத்துக்குள் புதைந்த ஓர் அறை. யன்னலால் பார்த்தால் போகிறவர்களின் சப்பாத்துத்தான் தெரியும். மாசியில் அதுவும் தெரியாது, பனிதான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பற்றிக், மூன்றாம் மாடியில் நல்ல வெளிச்சமான வீடு காலியாகும்போதெல்லாம் இவருக்குத்தான் முதலில் வந்து சொல்வான். "நோ, மெர்சி" என்பார் அருளம்பலம். "மாடியும் மண்ணாங்கட்டியும்" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டே கதவைச் சாத்துவார்.

அவருக்கும் ஒரு மாடி இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதுதான் வில்லங்கம்.

முகமாலையில் தகப்பன் விட்டுப்போன தென்னங்காணி. நடுவில் இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக ஓட்டு வீடு, பின்னால் மாட்டுக்கொட்டில். தங்கை சிவநேசமும் அவருடைய கணவர் விமலநாதனும் அங்கே இருந்து காணியைப் பார்த்தார்கள். தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கத்தில் அருளம்பலம் மொன்ட்ரியாலிலிருந்து காசு அனுப்பினார், கூடவே தானே கீறிய ஒரு படமும். முன்பக்கத்து ஓட்டைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீட் மாடி எழுப்ப வேண்டுமாம். "அண்ணை, எங்களுக்கு ஓடு காணும். கொட்டில்தான் ஒழுகுது, அதைத் திருத்துவம்" என்று தங்கை எழுதினார். தமையன் விடுவாரா? "வெளிநாட்டில இருக்கிறன், எனக்கொரு மரியாதை வேண்டாமோ? ரோட்டால போற பஸ்ஸில இருந்து பாத்தா எங்கட மாடி தெரியவேணும்" என்று பதில் போட்டார். மாடி எழும்பியது. பஸ்ஸிலிருந்து தெரியவும் தெரிந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு சித்திரையில் சண்டை காணிக்குள் வந்தது. அந்த வெளியில் ஏறி நின்று பார்க்கத் தோதான இடம் அந்த ஒரு மாடிதான். முதலில் வந்தவர்கள் ஏறி மண்மூட்டை அடுக்கினார்கள். மற்றப் பக்கத்தார் அதைப் பார்த்து அடித்தார்கள். பிறகு அவர்கள் ஏற, இவர்கள் அடித்தார்கள். தென்னைகளைத் தறித்து இரு பக்கமும் பங்கர் போட்டார்கள். சிவநேசம் குடும்பம் அதற்கு முன்பே உடுத்த உடுப்போடு ஓடியிருந்தது. கட்டையில் கட்டியபடி விட்டுவந்த இரண்டு பசுக்களின் நினைவு விமலநாதனைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் காலை, "அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன்" என்று போனார். மாடியைக் குறிபார்த்து அடித்த ஷெல் ஒன்று அவர் நின்ற முற்றத்தில் விழுந்தது. உடம்பை எடுக்கவும் ஒருவராலும் போக முடியவில்லை. பிறகு இரண்டு படையும் ஆளுக்கொரு பக்கம் நிலைகொள்ள, வீடு நடுவில் சூனியப் பிரதேசமாயிற்று, சுற்றிவர மிதிவெடி.

போன வருடம் மகள் ஆர்த்திகாவின் ஸ்பொன்சரில் சிவநேசம் நகரின் வட கோடியிலுள்ள மொன்ட்ரியால்-நோருக்கு வந்து சேர்ந்தார். ஞாயிறு தவறாமல் பஸ்ஸும் மெட்ரோவும் மாறித் தமையனைப் பார்க்க வருவார். சமைப்பார், குளிரைத் திட்டுவார், பேரப்பிள்ளையின் பிரெஞ்சைப் பழித்துக் காட்டிச் சிரிப்பார். மாடி பற்றி ஒரு சொல் கிடையாது. அதுதான் அருளம்பலத்தைத் தின்கிறது. "ஒருக்கா வாயைத் திறந்து ஏசினாளெண்டாக் காணும், இரவிச்சந்திரன். 'உன்ர வீம்பாலதான் அவர் போனவர்' எண்டு சொல்லட்டும். நான் காலிலை விழுறன்" என்று கூட வேலை செய்பவரிடம் அழாக்குறையாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த இரவிச்சந்திரன்தான் இந்த ஆவணியில் ஊருக்குப் போய், சொன்னபடி வலப்பக்கம் இருந்து, யன்னல் கண்ணாடிக்குள்ளால் ஒளித்து ஒரு படம் எடுத்து வந்தார். தலையில்லாத தென்னைகள், பற்றை, நடுவில் வீடு. மாடியில் சுவர் இல்லை. நாலு தூணும் கிழிந்த மண்மூட்டைகளும். அதற்குக் கீழே தகப்பன் கட்டிய விறாந்தை, ஓட்டைகளோடு என்றாலும், அப்படியே நிற்கிறது. அருளம்பலம் படத்தை இரண்டு கிழமை வேலைச்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் ஞாயிறு, தங்கை தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு எதிரே இருந்தபோது, மேசையில் வைத்தார்.

"நேசம், இது... எங்கட வீடு. அந்த மாடி, நான்தானே பிடிவாதமா..."

சிவநேசம் முந்தானையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"கொட்டில் நிக்குதோ?"

"தெரியேல்லைப் பிள்ளை. பின்னுக்கெல்லே."

"ஓம், பின்னுக்குத்தான்."

கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அருளம்பலம் கையைக் கட்டிக்கொண்டு, ஏச்சுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் இருந்தார். சிவநேசம் ஏசவில்லை. பெருவிரலை மெல்லக் கொண்டுபோய்ப் படத்தின் மேல் வைத்தார். தூண்கள், மண்மூட்டைகள், மாடி முழுதும் விரலுக்குள் போய்விட்டது. கீழே விறாந்தை மட்டும் மிஞ்சியது.

"இப்பிடித்தானே அண்ணை இருந்தது" என்றார்.

அருளம்பலம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார் சிவநேசம், விரலை எடுக்காமலே.