சப்பரத்தை விட்டு இறங்கிய மாதா

மாதாவின் பிள்ளைகள் எல்லோருக்கும், திருச்சுழியிலிருந்து பாக்கியம் சொல்லிக்கொள்வது. எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1988ஆம் வருடம், ஆவணி மாதம். எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் சவரிமுத்து கிணறு வெட்டுகிறவர். ஊருக்கு வெளியே, நரிக்குடி ரோட்டோரம் ஒரு தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தக் கூட்டாளி கருப்பையாவோடு போயிருந்தார். மத்தியானம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். வரப்பில் நடக்கும்போதே கால்களுக்குக் கீழே தரை அதிர்ந்தது. கிணற்றிலிருந்து புழுதி எழும்பியது.

மேலே கூடை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் தூர ஓடினார்கள். கருப்பையா மட்டும் கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார். உடம்பெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"மதினி, கிட்ட வராதீக. கரை இன்னும் சரியும்."

"அவுக எங்க?"

அவர் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். நான் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கரிசல் மண் முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் நெஞ்சு வரை புதைந்திருந்தார். ஒரு கை மட்டும் வெளியே இருந்தது.

"பாக்கியம், மூச்சு விட முடியுது. நீ அழுவாத" என்றார்.

ஒருவர் போன் செய்ய ஊருக்குள் சைக்கிளில் பறந்தார். தீயணைப்பு வண்டி அருப்புக்கோட்டையிலிருந்து வரவேண்டும். கருப்பையா பொறுக்காமல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மறுபடியும் இறங்கினார். கையால் மண்ணை அள்ளினார். அள்ள அள்ள மேலிருந்து மண் வந்து அந்தப் பள்ளத்தை மூடியது. நெஞ்சு வரை இருந்தது தோளுக்கு ஏறியது. "பலக கிலக இருந்தா சுத்தி நட்டு மண்ண மறிக்கலாம், மதினி. இங்க என்ன இருக்கு?" என்று கீழேயிருந்து கத்தினார். சுற்றிலும் கருவேல முள்ளும் காய்ந்த சோளத்தட்டையும்தான். என் வீட்டுக்காரர் குரல் மெலிந்துகொண்டே போனது. அதற்குப் பிறகு நின்றுவிட்டது.

முழந்தாள் போட்டேன். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. பிறந்ததிலிருந்து சொன்ன செபம், நாக்கில் ஒட்டிக்கொண்டது. "தாயே, எனக்குச் செபம் வரல. நீ வா" என்றேன். அவ்வளவுதான் என் செபம்.

தீயணைப்பு வண்டி வருகிறதா என்று ரோட்டுக்கு ஓடினேன். வண்டி இல்லை. புளியமரங்களுக்கு அடியில் காவி உடுத்திய ஒரு கூட்டம் சோறு தின்றுகொண்டிருந்தது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள், எங்கள் ஊர் ஓரம் இளைப்பாறத் தங்கியிருந்தார்கள். நடுவில் சைக்கிள் சக்கரம் பூட்டிய மரச் சப்பரம். அதில் மாதா நின்றாள்.

நான் என்ன சொன்னேனோ தெரியாது. கையைக் கூடக் கழுவாமல் எழுந்து ஓடிவந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்த ஞானமுத்து அண்ணாச்சி கிணற்றுக்குள் பார்த்தார். கருப்பையா சொன்னதைக் கேட்டார். திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

"ஏலே, சப்பரத்தத் தள்ளிட்டு வாங்க. பலகயக் கழட்டணும்."

திரேசம்மா என்று ஒரு அம்மா குறுக்கே வந்து நின்றார். "அண்ணாச்சி, போய்ச் சேருற வரைக்கும் அம்மாவத் தரையில எறக்கறதில்லன்னு நேந்திருக்கோம். மகளுக்குப் பிள்ள வரம் கேட்டு வாரேன் நான்."

"தெரியும் தாயி. உள்ள ஒரு உசுரு கெடக்கு."

எனக்கு அந்த அம்மாவின் காலைப் பிடிக்கத் தோன்றியது. அதற்குள் அவரே வெயிலில், வெறும் கட்டாந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியை விரித்தார்.

"தரையில வேணாம். எங்கிட்டக் குடுங்க."

மாதாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்கள். சப்பரத்தின் பலகைகளையும் சட்டங்களையும் கல்லால் தட்டிக் கழற்றினார்கள். கூட்டத்தில் இரண்டு பேர் கருப்பையாவோடு இறங்கினார்கள். என் வீட்டுக்காரரைச் சுற்றிப் பலகைகளை நட்டு, பெட்டி போல மறித்துக்கொண்டு, உள்ளே இருந்த மண்ணை அள்ளிக் கூடையில் ஏற்றினார்கள். மேலே பெண்கள் வரிசையாக நின்று கூடை வாங்கினார்கள். நானும் வாங்கினேன். தூர ஓடிய கூடைக்காரர்களும் திரும்பி வந்து கயிறு இழுத்தார்கள். செபமாலை சொன்ன வாய்களும் உண்டு, கருப்பசாமியைக் கூப்பிட்ட வாய்களும் உண்டு.

அவர் இடுப்பு தெரிந்த நேரத்தில் கரை மறுபடியும் சரிந்தது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே நான்கு பேர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பலகை முறிகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன்.

"நிக்கிது" என்று கருப்பையாவின் குரல் வந்தது. "பலக நிக்கிது. கயிறப் போடுங்க."

மீதி மண்ணையும் அள்ளி, என் வீட்டுக்காரரை மேலே இழுத்தபோது கண் மூடியிருந்தது. அண்ணாச்சி வாயில் இருந்த மண்ணை விரலால் தோண்டி எடுத்தார். இருமல் வந்தது. அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் அழுதேன். மற்ற மூவரும் ஏறி வந்த பிறகு மீதிக் கரையும் இறங்கியது. பலகைகள் மண்ணோடு போயின.

தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்ததும் அதிலேயே அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர்.

அந்தக் கூட்டத்துக்கு நான் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. மறு வருடம் அதே ஆவணியில் அவர்கள் வந்து தங்கியபோதுதான் மீதியைத் திரேசம்மா சொன்னார். சப்பரம் இல்லாததால் பெண்கள் முறை வைத்து மாதாவைக் கையிலேயே சுமந்திருக்கிறார்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாராவது ஒருத்தி மடியில் வைத்திருந்தாளாம். வேளாங்கண்ணி வரை தரையில் வைக்கவே இல்லை. "கை வலிச்சதுதான். ஆனா அம்மா அவ்வளவு கிட்ட வந்தது எப்ப?" என்று கேட்டார். அவர் மகள் அப்போது மாசமாக இருந்தாள்.

என் வீட்டுக்காரர் கிணற்று வேலையை விட்டுவிட்டார். நொண்டி நொண்டித்தான் நடக்கிறார். ஆடு மேய்க்கிறோம். ஒவ்வொரு ஆவணியும் நடந்து வருகிறவர்களுக்குப் புளியமரத்தடியில் சோறு ஆக்குகிறோம். கருப்பையா விறகு வெட்டித் தருகிறார். சோறு ஆக்கிய முதல் வருடம் அவர்கள் புறப்பட்டபோது என் வீட்டுக்காரரும் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "இந்தக் காலோட எங்க போறீக?" என்றேன். "நரிக்குடி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். பொழுது சாயும்போது பஸ்ஸில் வந்து இறங்கினார். கால் வீங்கியிருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

கஷ்டத்தில் இருக்கிற யாராவது இதைக் கேட்டால், ஒன்று மட்டும் சொல்கிறேன். செபம் மறந்துபோனால் பயப்படாதீர்கள். 'வா' என்று மட்டும் கூப்பிடுங்கள். அவள் வருவாள். எங்களுக்கு வந்தாள்.