கைதான நாளுக்குக் கட்டம் இல்லை

சிறை அலுவலகத்தின் விடுதலைப் பிரிவு ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் முழுக்க இரும்பு அலமாரிகள், இன்னொரு பக்கம் கம்பி போட்ட கவுன்டர், நடுவில் மூன்று மேசைகள். மூன்று மேசைக்கும் சேர்த்து இப்போது ஒரே ஆள்தான். உள்ளே இருப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தேதியம்மா. யார் என்றைக்கு வெளியே போகலாம் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வைப்பது முப்பத்தொரு வருஷமாக அவர்தான். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையை மடக்கி, முட்டிக்கு முப்பத்தொன்று, பள்ளத்துக்கு முப்பது என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். ஓய்வு பெற இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது போலீஸ், கோர்ட், சிறை மூன்றும் ஒரே அமைச்சகத்தில் இருந்தன. அதன் பிறகு பிரித்தார்கள், சேர்த்தார்கள், பெயரை மாற்றினார்கள், ஆறு வருஷத்துக்கு முன்னால் மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். மேலே இருப்பவர்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் முதலில் மாறுவது வாசல் பெயர்ப்பலகை, அடுத்தது ரப்பர் ஸ்டாம்ப். வேலை மாறுமா என்றால், அது மேசையில் இருக்கிறவர் தலையில்தான் வந்து விடியும். கடைசியாகப் பிரித்தபோது தேதியம்மாவின் அறையில் இருந்த இரண்டு பேரைத் தலைமை அலுவலகத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பதிலுக்குப் புதிய படிவம் ஒன்றை அனுப்பினார்கள். பழைய படிவத்தில் பன்னிரண்டு கட்டம் இருந்தது. புதியதில் பதினொன்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை தேதியம்மா தன்னுடைய பணிப்பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுக் காகிதம் போவதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷத்தையும் ஒரு தடவை படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பக்கத்தில், பணியில் சேர்ந்த நேரம் பிற்பகல் மூன்று நாற்பது என்று இருந்தது. அன்றைக்கு மழை, பஸ் கிடைக்காமல் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கவில்லை, துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததோடு சரி. ஆனால் பதிவேட்டில் அது முழு நாள். பரவாயில்லையே, தாராள மனசுதான் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டார்.

மறுநாள் காலை கவுன்டருக்கு ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளுடைய தம்பி டயர் கடையில் வேலை பார்த்தவன். கடைக்காரரோடு சண்டை முற்றி, வீல் ஸ்பேனரால் அடித்து அவர் கையை உடைத்துவிட்டான். எட்டு மாதம் தண்டனை.

"தம்பி எப்ப வருவான்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

தேதியம்மா கைதிகள் பதிவேட்டைப் பார்த்தார். "சனிக்கிழமை தேதி வருது. ஆனா சனி, ஞாயிறு மேலிடத்துல ஆள் இருக்க மாட்டாங்க. அவங்க ஒப்புதல் மெயில் வராம கதவைத் திறக்க முடியாது. திங்கக்கிழமை காலையில வந்துடுங்க."

அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அவன் அங்க இருக்கணும்மா. அவன் பொண்ணு காப்பகத்துல இருக்கா. ஏழு வயசு. தாய் இல்லாத பிள்ளை. குழந்தைகள் குழு வெள்ளிக்கிழமை கூடுது. அப்பன் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா குடுத்துடுவாங்க. இல்லேன்னா வேற ஊர் விடுதிக்கு மாத்திடுவாங்களாம். அப்புறம் முதல்லேருந்து மனு போடணும், ஒரு வருஷம் ஆகும்னு சொல்றாங்க."

"நீங்க வாங்கிக்க முடியாதா?"

"கேட்டேனே. ஒத்த ரூம்பு, ராத்திரி வேலை, உனக்குத் தர முடியாதுன்னுட்டாங்க. குழுத் தேதியைத் தள்ளி வைங்கன்னும் கேட்டேன். ஜெயில் வேற துறை, எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னுட்டாங்க."

இந்த மாதிரிக் கதைகள் தேதியம்மாவுக்குப் புதிதல்ல. கல்யாணம், சாவு, பரீட்சை என்று எல்லாமே விடுதலைக்கு முந்தின நாள் பார்த்துத்தான் வரும். "நான் போடுறது கணக்குமா. கருணை வேற டிபார்ட்மென்ட்" என்று சொல்வது அவர் வழக்கம். அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை. சும்மா கேட்டு வைப்போமே என்று கேட்டார்: "என்னைக்குப் புடிச்சாங்க?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. ராத்திரி பூரா ஸ்டேஷன்ல வெச்சிருந்துட்டு, புதன்கிழமை கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, மதியம் இங்க அனுப்புனாங்க. நான்தான் ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டு போனேன்."

பதிவேட்டில் முதல் நாள் புதன்கிழமை. சிறைக் கதவு அவனுக்காகத் திறந்த நாள். செவ்வாய்க்கிழமையை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. அதுதான் காணாமல்போன பன்னிரண்டாவது கட்டம்: கைதான நாள். முதல் இருபத்தைந்து வருஷம் அவர் அதிலிருந்துதான் எண்ணினார். கட்டம் போனதும் அடுத்த கட்டத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். ஒரு பிற்பகல் மழையில் நனைந்து வந்ததற்கு அவருக்கு முழு நாள் கொடுத்த அரசாங்கம், ஒருத்தன் ஸ்டேஷன் தரையில் கிடந்த ராத்திரியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சேர்க்காமல் விட்டது அரசாங்கம் என்றாலும் எழுதிய கை அவருடையது.

அந்தப் பெண்ணை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, தேதியம்மா அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார். என்ன தேடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கப் பார்த்தார், முடியவில்லை. தூசியைத் தட்டி எடுத்த கோப்பில், ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரே எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. கைதான நாளைத் தண்டனையில் கழிக்க வேண்டுமா, புதிய படிவத்தில் இடமில்லையே என்று கேட்டிருந்தார். கூடவே மூன்று பதில்கள். கைது போலீஸ் துறை சம்பந்தப்பட்டது என்று சிறைத் தலைமையகம். தண்டனைக் கணக்கு நீதித் துறை சம்பந்தப்பட்டது என்று போலீஸ். விடுதலைத் தேதி சிறைத் துறை சம்பந்தப்பட்டது என்று நீதித் துறை. பந்து மூன்று வீட்டு வாசலையும் தொட்டுவிட்டு அவர் காலடிக்கே வந்து நின்றிருந்தது. ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். அதற்குப் பதில் இல்லை. அந்த மாதம்தான் பக்கத்து மேசைகள் காலியாயின, மூன்று பேர் வேலை அவர் தலையில் விழுந்தது. கோப்பைக் கட்டி அடித்தட்டில் போட்டதும் அவர்தான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் கணவர் காபி போட்டுக் கொடுத்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பு வலி, நாக்கு மட்டும் நன்றாக ஓடும்.

"மூஞ்சி ஏன் இப்படிச் செத்துப்போயிருக்கு? இன்னும் மூணு வாரம். கண்ணை மூடிட்டு ஓட்டிடு."

"அப்படித்தான் ஆறு வருஷமா ஓட்டியிருக்கேன்" என்று தேதியம்மா எல்லாவற்றையும் சொன்னார்.

கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தனை பேரு?"

"எண்ணணும்."

"எண்ணாதே" என்றார் அவர். பிறகு, "எண்ணாம உன்னால இருக்க முடியாதே" என்றார்.

வியாழக்கிழமை மதியம் வரைக்கும் எண்ணினார். நாலாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு நாள். வெள்ளிக்கிழமை போக வேண்டியவர்களுக்குத் திங்கள் வரை மூன்று நாள் ஆகியிருக்கும், அதை அவர் சேர்க்கவே இல்லை. வெறும் ஒரு நாள் வீதம் கூட்டினாலே பன்னிரண்டு வருஷம், ஒரு மாதம். இந்தச் சிறையில் பன்னிரண்டு வருஷம் வாங்கினவர்கள் என்ன செய்துவிட்டு வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கண்காணிப்பாளர் அறைக்குப் போனார்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை, களைத்தவர். காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"டயர்க்காரன் ஒருத்தனுக்கு மட்டும் விசேஷ அனுமதின்னு எழுதிக் குடுங்கம்மா, கையெழுத்துப் போடறேன். குழந்தை விஷயம், யாரும் கேக்க மாட்டாங்க."

"விசேஷம் ஒண்ணும் இல்லை சார். வெள்ளிக்கிழமைதான் அவன் நாள். விசேஷம்னு எழுதினா மத்தவங்களுக்கு அது இல்லைன்னு ஆயிடும். நாளைக்கு ஏழு பேர் லிஸ்ட்ல இருக்காங்க, அவங்களும் இன்னைக்கே போக வேண்டியவங்க."

"எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு."

"ஆமா சார்."

"விசாரணை வரும். விசாரணை முடியற வரைக்கும் உங்க ஓய்வுக் காகிதம் நகராது. கட்டத்தை எடுத்தவன் யாருன்னு ஒருத்தரும் தேடப் போறதில்லை. கைக்கு எட்டின ஆள் நீங்கதான்."

"தெரியும் சார்."

"முப்பத்தொரு வருஷம் ஒரு கறை இல்லாம வந்துட்டு, மூணு வாரத்துல ஏம்மா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கறை இல்லைன்னு நாமதான் சொல்லிக்கிட்டிருந்தோம்."

கண்காணிப்பாளர் பேனாவை எடுத்தார். ஏழு பேரோடு எட்டாவதாக டயர்க்காரனையும் சேர்த்துத் திருத்திய பட்டியல் மேலே போயிற்று. கூடவே, ஆறு வருஷத்துக் கணக்கைச் சொல்லும் இரண்டு பக்கக் கடிதமும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒப்புதல் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. தேதியம்மா தலைமையகத்துக்குப் போன் போட்டார். போனை எடுத்தவர் சட்டப் பிரிவைக் கேட்கச் சொன்னார், சட்டப் பிரிவு மீட்டிங்கில் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பெஞ்சில் இருந்த அக்காக்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள். "வரும், உக்காருங்க" என்றார் தேதியம்மா. வருமா என்று அவருக்கே தெரியாது. டயர்க்காரன் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எட்டு மாதத்தில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது. ஒன்று நாற்பதுக்கு ஒப்புதல் வந்தது. சந்தேகம் உள்ள இடத்தில் கைதிக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம், இது முன்னுதாரணம் ஆகாது, சம்பந்தப்பட்ட ஊழியர் விளக்கம் தர வேண்டும் என்று மூன்று வரி.

சாமான் பையைச் சரிபார்த்து, ரேகை எடுத்து, வாசல் பதிவேட்டில் எழுத இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வழக்கமாகத் தேதியம்மா கவுன்டரை விட்டு நகர மாட்டார். அன்றைக்கு வெளிக்கதவு வரைக்கும் போனார். ஆட்டோ தயாராக நின்றது. டயர்க்காரன் ஏறப்போனவன் திரும்பி வந்து கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது.

"ஒரு நாள் முன்னாடியே விட்டுட்டீங்கம்மா. உங்களை மறக்கவே மாட்டேன்."

தேதியம்மா அந்த நன்றியை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம், முப்பத்தொரு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த நன்றியே கொஞ்சம்தான்.

"முன்னாடி இல்லப்பா. இன்னைக்குத்தான் உன் நாள். நாங்கதான் தப்பா எழுதியிருந்தோம். போ, மூணு மணிக்கு முன்னாடி போய்ச் சேரு."

அவனுக்குப் பாதி புரியவில்லை. அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். மூன்றே காலுக்கு அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரு சிறுமி, "அப்பா, என் பையை நான்தான் தூக்குவேன்" என்று அதட்டிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

விளக்கம் கேட்கும் படிவம் அடுத்த வாரம் வந்தது. எட்டுக் கட்டம். பெயர், பதவி, பணியில் சேர்ந்த நாள் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தார். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. தவறு உங்கள் கவனத்துக்கு வந்த நாள். போன வாரம் புதன்கிழமை என்று எழுதினால் விஷயம் முடிந்துவிடும். கண்டுபிடித்தவர் என்று பாராட்டினாலும் பாராட்டுவார்கள். பழைய கோப்பு அலமாரியில் இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், கணவரைத் தவிர.

தேதியம்மா கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். தன் முதல் கடிதத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். பிறகு கையை மடக்கி, முட்டிக்கு முப்பத்தொன்று, பள்ளத்துக்கு முப்பது என்று, அந்த நாளையும் சேர்த்தே எண்ணினார். இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று நாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியைக் கட்டத்துக்குள் எழுதி, பழைய கடிதங்களைப் பின் போட்டுச் சேர்த்து, கையெழுத்து வைத்தார்.